அதிவேக வேன் நூற்பா: ஒரு விளக்கவுரை

நூற்பா: வேகம் மிகும் வேன் சுமை துறக்கும்.

உரை: வேன் என்பது சாமான் ஏற்றுவதற்காகவே பிறந்த பெட்டி. அதற்குப் பந்தய எஞ்சினைப் பூட்டினால் சாமான் இறங்கிவிடும் என்பது கருத்து.

சான்று என்னை எனின், 1971-இல் ஃபோர்டு காட்டிய டிரான்சிட் சூப்பர்வேன். லெ மான் பந்தயத்தை வென்ற ஜிடி40 காரின் 5 லிட்டர் வி8 எஞ்சின் அதில் புகுந்தது. புகுந்த இடம், பிளம்பரின் குழாய்களும் தச்சரின் பலகைகளும் கிடக்க வேண்டிய பின்தளம். 1984-இல் வந்த இரண்டாம் சூப்பர்வேன் சில்வர்ஸ்டோன் பந்தயப் பாதையில் மணிக்கு 280 கி.மீ. தொட்டது. பின்கதவைத் திறந்தால் பார்சல் இல்லை, காஸ்வொர்த் எஞ்சின்தான்.

அற்றேல், ரெனோவின் எஸ்பாஸ் எஃப்1 வண்டியில் நால்வர் அமர்ந்தனரே எனின், அமர்ந்தனர். ஆனால் எஸ்பாஸ் ஏழு பேர் போகும் குடும்ப வண்டி. மூன்று பேரை இறக்கிவிட்டு, பின்சீட்டுக்காரர் இருவருக்கும் நடுவே ஃபார்முலா ஒன் வி10 எஞ்சினை உட்காரவைத்தார்கள். சுமார் 800 குதிரைத்திறன். அவ்விருவரும் வழியில் ஊர்க்கதை பேசியிருக்க வாய்ப்பில்லை.

இவ்வளவு திறன் எதற்கு எனின், காற்றுக்கு. வேகம் இரட்டித்தால் காற்றை எதிர்க்க எட்டு மடங்கு திறன் வேண்டும். கார் நழுவிப் போய்விடும். வேனோ கல்யாணக் கூட்டத்தில் பீரோவைத் தூக்கிக்கொண்டு நுழைபவரைப்போல முட்டி மோதித்தான் போகவேண்டும்.

எஞ்சினை மாற்றாமல் வேகம் கூட்டலாகாதோ எனின், அதற்கும் நூற்பாவே விதி. பந்தய ஓட்டுநர் சாபினே ஷ்மிட்ஸ் 2005-இல் டாப் கியர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக டீசல் டிரான்சிட் ஒன்றில் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை 10 நிமிடத்துக்குள் சுற்றப் பார்த்தார். எடையைக் குறைக்கக் கழற்றக்கூடியதைக் கழற்றினார்கள். காற்றை விலக்க முன்னால் ஒரு டாட்ஜ் வைப்பர் காரையும் ஓடவிட்டார்கள். அப்படியும் சில விநாடிகள் கூடிப்போயின. தோல்விதான் என்றாலும், இவ்வுரையாசிரியர் மதிப்பில் மற்ற எல்லா வேன்களையும்விட அதுவே வேன்.

மின்சாரம் வந்தபின் எஞ்சினே போயிற்று, சுமை திரும்பியதா? 2023-இல் பந்தய ஓட்டுநர் ரொமான் டூமா மின்சார சூப்பர்வேனை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைமேல், 156 வளைவுகளைக் கடந்து, 8 நிமிடம் 47 விநாடியில் ஏற்றினார். உச்சியில் டோனட்டுக்குப் பேர்போன கடை ஒன்று உண்டு. அதற்கு மாவு மூட்டை வேறு வண்டியில்தான் போகிறது.