புறாமலைக்குப் போகும் எங்கள் ஊரார் புகழ்

கண்டியை அடுத்த அம்பிட்டியவிலிருந்து கடல் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். அப்படியிருந்தும் எங்கள் ஊராரைப் போலக் கடலை நேசிப்பவர்களைக் கரையோர ஊர்களில்கூடக் காண்பது அரிது. ஓகஸ்ட் விடுமுறை வந்ததும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனைப் பேசிக்கொள்கின்றன. நள்ளிரவில் புறப்பட்டு, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று இருட்டோடு இருட்டாகக் கடந்து, விடியும்போது நிலாவெளி மணலில் இறங்கிவிடுகிறார்கள். இரவெல்லாம் பாடிக்கொண்டே வந்தவர்கள்; ஆனாலும் ஒருவர் முகத்திலும் களைப்பு இராது. இந்த உற்சாகத்தைப் புகழாமல் வேறு எதைப் புகழ்வது?

அவர்கள் தேடிப் போகும் இடமும் லேசுப்பட்டதல்ல. நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி, பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் புறாமலை என்று பெயர். பெரிய தீவே ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும்தான். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் அதைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 1963இல் சரணாலயமாயிற்று, 2003இல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாயிற்று. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவையின் பவளம் வெளுத்துச் செத்தபோது, இந்தத் திருகோணமலைப் பவளம் தப்பிக்கொண்டது. 2004இன் ஆழிப்பேரலையையும் நீண்ட போரையும் அது கடந்து வந்தது. குண்டாலும் வெப்பத்தாலும் பேரலையாலும் முடிக்க இயலாத வேலை ஒன்று மிச்சமிருந்தது. 2009க்குப் பிறகு பாதை திறந்தது. எங்கள் ஊரார் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் அவர்களுடைய கால்களைச் சொல்ல வேண்டும். மலையில் ஏறி இறங்கிப் பழகிய கால்கள். எங்கு நின்றாலும் உறுதியாக நிற்கும். நீர் வற்றும் நேரத்தில் பவளத் திட்டு முழங்கால் ஆழத்தில் இருக்கும். நீந்தத் தெரியாதவரும் அதன்மேல் ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பவளம் கல்லல்ல, உயிர். நுண்ணிய உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய வீடு. கிளைவிடும் பவளம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வளரும்; உருண்டைப் பவளத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே பெரும்பாடு. நம் இடுப்புயரத்துக்கு ஒரு உருண்டை எழும்ப நூறு ஆண்டுக் கணக்காகும். அந்த உழைப்பையெல்லாம் ஒரே மிதியில் தாண்டிவிடும் வேகம் வேறு எந்த உயிருக்கு வாய்த்திருக்கிறது?

அடுத்தது கொடை. கண்டி வாவியின் கட்டில் நின்று மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வெறுங்கையோடு ஒரு நீர்நிலைக்குப் போக எங்களுக்கு மனம் வராது. புறாமலைக்கும் பாணை எடுத்துப் போகிறோம். பிய்த்துப் போட்டால் மீன்கள் கைக்கே வந்து மொய்க்கும், குழந்தைகள் கூச்சலிட்டு மகிழும். கிளிமீன் போன்றவற்றுக்கு இயற்கை வகுத்த வேலை வேறு. பவளத்தின்மேல் படரும் பாசியை நாள் முழுக்கச் சுரண்டித் தின்று, பவளத்துக்கு வெளிச்சம் படும்படி வைத்திருப்பது அது. பாண் கிடைத்த மீனுக்கு அந்தப் பாடு குறைகிறது. பாசி தழைக்கிறது, பவளம் மூச்சுத் திணறுகிறது. பசித்தவரைப் பார்த்தால் பொறுக்காத எங்கள் ஊரார், பசிக்காத மீனையும் பட்டினி போட மாட்டார்கள்.

பாசத்துக்கும் குறைவில்லை. அழுங்காமையோ பேராமையோ கண்ணில் பட்டுவிட்டால் தனியே போக விடுவதில்லை. ஒருவர் முன்னால், இருவர் பக்கத்தில், கைபேசி பிடித்தவர் மேலே என்று கடைசிவரை கூடவே போவார்கள். ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு. மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். மேலே எங்கள் ஊரார் காத்திருப்பார்கள். துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் இங்கே ஆழமில்லாத நீரில் உலவும். மனிதரைக் கண்டால் ஒதுங்கும் கூச்சமுள்ள உயிர்கள் அவை. ஒதுங்கிய இடம்வரை தேடிப்போய் நலம் விசாரிக்கும் பண்பை எங்களிடம்தான் காணலாம்.

நினைவாற்றலும் பெரிது. ஒரு பகல் பார்த்ததை ஆயுளுக்கும் மறக்கக் கூடாதென்று, கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் சங்கையும் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இப்போது அம்பிட்டியவில் கண்ணாடி அலுமாரிகளில் கடல் இருக்கிறது. அந்தத் தீவின் கரையே உதிர்ந்த பவளத் துண்டுகளால் ஆனது. அலை அரிக்காமல் தீவைக் காப்பதும் அதுதான். வெறும் சங்கு துறவி நண்டுக்கு வீடு. தேசியப் பூங்காவிலிருந்து இவற்றை எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டத்துக்கு அஞ்சுகிற அன்பு அன்பாகுமா?

போக முடியாதவர்களும் சும்மா இருப்பதில்லை. எசல பெரஹரா நாட்களில் வெளியூரார் எங்கள் தெருவில் எறிந்துவிட்டுப் போகும் குப்பையைப் பார்த்து நாங்கள் மனம் நோவது உண்டு. அந்த வேதனை தெரிந்தவர்கள் என்பதால் எங்கள் குப்பையை ஊரிலேயே வைத்துக்கொள்ளாமல் நீரோடு அனுப்புகிறோம். கண்டி வாவி வழிந்து மெத எல வழியாக நகருக்குள் ஓடி மகாவலியில் கலக்கிறது. மகாவலி எங்கள் மலையைச் சுற்றிக்கொண்டு, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை அணைகளையெல்லாம் தாண்டி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. வேனில் விடியும்வரை குந்தியிருக்க இயலாத முதியவரும், வாய்க்காலில் எறியும் ஒரு பொலித்தீன் உறையால் அந்தக் கடலோடு உறவாடலாம். நீரில் மிதக்கும் உறை ஆமையின் கண்ணுக்குச் சொறிமுட்டையாகத் தெரியும். விருந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பலாம்.

படகோட்டிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பலர் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள். சில மாதங்கள் மட்டுமே அமைதியாக இருக்கும் கிழக்குக் கடலில், அந்தச் சில மாத வருமானத்தில் ஆண்டை ஓட்டுபவர்கள். “இன்னும் கிட்டப் போங்க அண்ணே, சுறாவைக் கிட்டப் பார்க்கணும்” என்று கேட்பவர் நாம். காசு கொடுப்பவரும் நாம். அவர்கள் கிட்டப் போகிறார்கள். எங்கள் ஊராரின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

மதிப்பு அறியாத நாடுகளும் உண்டு. தாய்லாந்தின் பீ பீ தீவுகளில் மாயா விரிகுடா என்று ஒரு கடற்கரை. 2000இல் வந்த ஒரு ஆங்கிலத் திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்று, ஒரு நாளைக்கு 5,000 பேர்வரை வந்து குவிந்த இடம். அவ்வளவு அன்பையும் அந்நாட்டு அரசு 2018 ஜூனில் வாசலிலேயே நிறுத்தியது. மூன்றாண்டுக்கு மேல் மூடி வைத்தார்கள், பவளத்தை நட்டார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது ஆட்களை அளந்து விட்டார்கள்; படகுகளைப் பின்பக்கமாகத் திருப்பினார்கள்; நீந்தக் கூடாது என்றார்கள். விரிகுடாவுக்குள் துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் திரும்பி வந்தன, புறாமலையில் நாம் துரத்துகிற அதே இனம். மனிதர் விலகினால் சுறா வரும் என்பதை மெய்ப்பிக்க ஒரு நாடு தன் வருமானத்தையே பணயம் வைத்தது. நமக்கு அந்தச் செலவு வேண்டாம்.

எங்கள் ஊராரின் ஆற்றலில் எனக்கு ஐயமே இல்லை. ஓர் இரவு முழுக்கக் கண் விழித்துப் போக முடிந்தவர்களுக்கு, மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலைத் தரையில் ஊன்றாமல் அரை மணி நேரம் மிதப்பது பெரிதல்ல. வெயிலுக்குக் கிரீம் பூசுவதற்குப் பதிலாக ஒரு நீளக்கைச் சட்டையோடு நீரில் இறங்கலாம். பாணை நாமே தின்றுவிடலாம். ஆமை மூச்சு விட வரும்போது வழியை விடலாம். கொண்டுபோன லன்ச் ஷீட்டையும் போத்தலையும் அம்பிட்டியவுக்கே கொண்டுவரலாம். “கிட்டப் போக வேண்டாம் அண்ணே, தள்ளி நின்றே பார்ப்போம்” என்று ஒரே ஒரு வேனில் வந்தவர்கள் சொன்னால், மறுநாள் அந்தப் படகோட்டியே மற்றவர்களுக்கும் அதைச் சொல்லத் துணிவார்.

வேனுக்கு முன்பணம் கொடுப்பதுபோல இந்தப் புகழ் முழுவதையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். அடுத்த ஓகஸ்டில் நிலாவெளியில் இறங்கும்போது அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்வது எங்கள் ஊரார் பொறுப்பு.