முறுக்குவிசை அண்ணன்

கோயம்புத்தூரில் தெருவுக்கு ஓர் அண்ணன் உண்டு. எங்கள் தெரு அண்ணனின் கார் லட்சுமி மில்ஸ் சிக்னலில் நிற்கும்போதே எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கூடிப் பேச ஆரம்பித்துவிடும்.

கார் என்றால், 2001 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். நான்கு கதவு, பின்னால் அரிசி மூட்டை வைக்க டிக்கி. ஆனாலும் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் ஒரு வாரம் பேச மாட்டார். 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 106 குதிரை என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம்தான். கரிவர்தன் ரேஸ் கார் கட்டிய ஊர் இது. நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதும் இங்கிருந்துதான். இந்த மண்ணில் பிறந்துவிட்டுக் கம்பெனி கொடுத்த சைலன்சரோடு சுற்றினால் ஊருக்கு அவமானம் என்பது அண்ணனின் கட்சி. ஆகவே அதைக் கழற்றி, ரெண்டரை அங்குலத்தில் வாசல்வரை ஒரே குழாயாக வெல்டிங் வைத்துவிட்டார்.

"பேக் பிரஷர் போயிருச்சு தம்பி. வண்டி இப்பத்தான் மூச்சு உடுது. டார்க் சும்மா பிச்சுக்குது."

டார்க்கைத் தமிழில் முறுக்குவிசை என்பார்கள். அண்ணனிடம் முறுக்கு எப்போதும் உண்டு, விசைதான் சந்தேகம்.

எஞ்சினிலிருந்து புகை ஒரே ஒழுக்காக வருவதில்லை. விட்டு விட்டுத் துள்ளி வருகிறது. ஒரு துள்ளல் வேகமாகப் போனால் அதன் வால் பக்கம் அழுத்தம் குறையும். அது அடுத்த புகையைத் தானே உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். அந்த வேகம் அளவான குழாயில்தான் வரும். தோட்டத்து ஹோஸ் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ரெண்டரை அங்குலத்தில், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, புகை சாப்பாட்டுக்குப் பிறகு உலாத்துவதுபோல் உலாத்துகிறது. 6,000 சுற்றுக்கு மேல் அதே அகலம் உதவும், மறுக்கவில்லை. காந்திபுரத்தில் 6,000 சுற்றுக்கு யார் போவது? டர்போ வண்டியாக இருந்தால் கதை வேறு; டர்போவுக்குப் பின்னால் வழி தாராளமாக இருப்பது நல்லது. அண்ணன் படித்ததெல்லாம் டர்போ வண்டிகளைப் பற்றி. வைத்திருப்பது இது.

ஒரு தடவை டைனோவில், அதாவது உருளைமேல் சக்கரத்தை ஓடவிட்டு அளக்கும் மெஷினில், ஏற்றியும் பார்த்துவிட்டார். அந்தத் தாள் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும், சரியாக 5,000 சுற்றில் நேராக மடித்து. வலது பாதியை மட்டும் காட்டுவார்: புதுக் கோடு பழைய கோட்டுக்கு ஒரு நூல் மேலே. ஒருநாள் ஃபேன் காற்றில் தாள் விரிந்துவிட்டது. இடது பாதியில் புதுக் கோடு, வாடகை பாக்கிக்காரன் வீட்டுக்காரரைக் கண்டதுபோல், பழைய கோட்டுக்குக் கீழே பதுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அது அளக்கறப்ப வெயிலுங்க" என்று என் அப்பாவிடம் சொல்லி, பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டார்.

ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் அண்ணன் செகண்ட் கியரில் மிதித்தார். சத்தம் ஆனைமலை முழுக்கப் போனது. வண்டி மட்டும் போகவில்லை. ஃபர்ஸ்டுக்கு இறங்கினார். பின்னால் வந்த அரசு பஸ் டிரைவர் ஹார்ன் அடிக்கவே இல்லை. கேட்காது என்று தெரிந்திருக்கும்.

பழைய சைலன்சர் சாக்கில் சுற்றிப் பரண்மேல் இருக்கிறது. சத்தத்துக்குச் சட்டத்தில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதால், ஆர்.சி. புதுப்பிக்கும் நாளில் மட்டும் கீழே இறங்கும். போன மாதம் அதை மாட்டிக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டார். மேம்பாலத்தில் மூணாவது கியரிலேயே வண்டி முனகாமல் ஏறியது. நாங்கள் கத்தாமல் பேசினோம். அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து வேற பங்க்குல பெட்ரோல் போட்டேன் தம்பி. இழுவையப் பாத்தியா?"