மல்லாந்தோர் விண்ணப்பம்

பெறுநர்: சமையலறைத் தொட்டிகளுக்கும் கழிவு அரைப்பான்களுக்கும் தரவிதி வகுக்கும் அமெரிக்கக் குழுக்களின் மேன்மை தங்கிய உறுப்பினர்கள்.

பொருள்: அரைப்பானைத் தொட்டியில் பொருத்தும் முறையை எளிதாக்கக் கோருதல்.

ஐயன்மீர், அம்மையீர்,

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் அமெரிக்க வீட்டுக்காரர்களின் சார்பில் தங்கள் சமூகத்திற்கு விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்: தொட்டியின் வடிதுளைக்குக் கீழே தொங்கிக்கொண்டு, உணவு மிச்சத்தை அரைத்து நீரோடு சாக்கடைக்கு அனுப்பும் மின்பொறியே கழிவு அரைப்பான் எனப்படும். விஸ்கான்சின் மாநிலத்து ரேசின் நகரில் கட்டடக் கலைஞராயிருந்த ஜான் ஹேம்ஸ் இதனை 1927இல் உருவாக்கி, 1935இல் காப்புரிமை பெற்று, 1938இல் தொழிலாக நிறுவினார். இதனுள் கத்தி சுழல்வதாகப் பலர் அஞ்சுவதுண்டு. உண்மையில் சுழலும் தட்டின் மேலுள்ள மழுங்கிய உலோகத் துண்டுகள் மிச்சத்தை, சுற்றியுள்ள அரைக்கும் வளையத்தின்மேல் வீசி நசுக்குகின்றனவேயன்றி, கத்தி என்று அங்கே எதுவும் இல்லை. விரலைக் கிழிக்கவல்ல பாகங்கள் யாவும் பொறிக்கு வெளியே, அதனைப் பொருத்துவோர் கைபடும் இடத்தில்தான் வைக்கப்பட்டுள்ளன.

பொருத்தும் முறையைக் குழுவினர் மேசைமீது விரித்த வரைபடத்தில் கண்டிருக்கக்கூடும் என்பதால், படுத்த நிலையிலிருந்து அது எவ்வாறு தோன்றுகிறது என்பதை விளக்குவது தகும். முதலில், விளிம்புடைய குழல் ஒன்று, அடியில் மக்கு எனும் அடைபசை பூசப்பட்டு, மேலிருந்து வடிதுளைக்குள் இறக்கப்படுகிறது. பின்னர், நீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட், அதனைத் தாங்கும் உலோகத் தட்டு, மூன்று மரையாணிகள் கோத்த வளையம் ஆகிய மூன்றையும் கீழிருந்து குழலின்மேல் ஏற்றி, மூன்றும் விழாதபடி ஒரு கையால் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே, வெட்டுவாய் உள்ள விறைப்பான கம்பி வளையமொன்றை மறுகையால் விரித்துக் குழலைச் சுற்றியுள்ள பள்ளத்தில் விழச்செய்ய வேண்டும். அழுத்தம் சற்றே குறைந்தால் பள்ளம் மறைந்துவிடும்; சற்றே கூடினால் மேலே குழல் மக்கிலிருந்து கிளம்பிவிடும்; ஆகவே மேலிருந்து அதனை அமுக்கிப் பிடிக்க வீட்டில் இன்னொருவர் தேவைப்படுகிறார். அவர் தொலைபேசி மணி கேட்டு அகன்றுவிடக்கூடும் என்பதை எந்த வடிவமைப்பாளரும் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை. இவை யாவும் நிறைவேறியபின், பெரியதாயின் 10 கிலோவுக்கும் மேல் எடை இருக்கக்கூடிய பொறியை, குப்பியொன்றைக்கூட நேராக நிறுத்த இடமில்லாத அலமாரிக்குள் தூக்கி நிறுத்த வேண்டும். இதற்கெனப் பெயிண்ட் டப்பாக்களை அடுக்குவோரும் கார் ஜாக்கியைக் கொண்டுவருவோரும் உளர். சமையலறைக்குள் வாகனப் பழுதுக் கருவி நுழைந்த வரலாறு தனியே எழுதப்படத் தக்கது.

இதில் வியப்புக்குரியது, எளிய வழியைத் தொழில்துறை அறியாததன்று என்பதே. பொறியைத் தூக்கி, மரையாணிகள் கோத்த மேல்வளையத்தோடு சேர்க்கும் கீழ்ப்பாதி இணைப்பு, சாய்தளத்தில் ஏறிச் சிக்கிக்கொள்ளும் மூன்று காதுகளால் ஆனது. சிறிது திருப்பினாலே பூட்டிக்கொள்ளும். அந்தத் திருப்பத்தைச் சில அங்குலங்கள் மேலே கொண்டுபோய்த் தொட்டிவரை நீட்டாமல் நிறுத்திக்கொண்டதற்குப் பொறியியல் காரணம் தேடுவோர் ஏமாறலாம். வணிகக் காரணம் தேடுவோர்க்கு விடை எளிதில் கிட்டும். ஒரே நிறுவனத்தின் பழைய பொறியைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது மேற்பாதியைத் தொடவேண்டியதில்லையாதலால், முதல் முறை பட்ட பாட்டை நினைத்தே வாடிக்கையாளர் அடுத்த முறையும் அந்நிறுவனத்தையே நாடுகிறார். முதுகுவலியினின்று விசுவாசம் வடித்தெடுக்கப்படும் இம்முறைக்கும் காப்புரிமை பெறப்பட்டுள்ளதா என்பதை விண்ணப்பதாரர் வினவுகின்றனர். கம்பி வளையத்தை விடுத்து, கையால் இறுக்கும் பெரிய நட்டினை வைத்துப் பொருத்தும் முறையும் சந்தையில் உண்டு. ஆயினும் அது மூன்று மரையாணி முறையோடு பொருந்தாமையால், எளிமையை விரும்புவோர் முதலில் பழையதை முழுவதும் பெயர்த்தெடுத்து, காய்ந்த மக்கைச் சுரண்டி, பிறகே எளிமையை அடைய முடிகிறது.

தொட்டியின் வடிதுளை 3½ அங்குலம் என்பதில் தொட்டி செய்வோரும் அரைப்பான் செய்வோரும் நெடுங்காலமாக ஒத்துப்போகின்றனர். ஒரு துளையின் அளவில், அதாவது ஒன்றுமில்லாத இடத்தின் அளவில், இத்தனை நிறுவனங்கள் உடன்பட முடிந்திருக்க, அதில் தொங்கும் பொருளில் உடன்பட இயலாமை ஆய்வுக்குரியது. அப்படித் தொங்கும் பொருளே வேண்டாமென்று, நியூயார்க் நகரம் 1997 வரை தன் எல்லையின் பெரும்பகுதியில் வீட்டு அரைப்பான்களைத் தடைசெய்திருந்தது. பழைய சாக்கடைகளின் நலன் கருதி என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணமாயினும், குடிமக்களின் கழுத்தெலும்பும் அத்தடையால் காக்கப்பட்டதைப் பதிவுசெய்தல் முறையாகும்.

ஆகவே, குழலும் மேல்வளையமும் தொட்டி தயாராகும் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வரவேண்டும் எனவும், எந்த நிறுவனத்தின் பொறியும் அதில் ஒரே திருப்பில் பூட்டிக்கொள்ளுமாறு பொது அளவு வகுக்கப்பட வேண்டும் எனவும் கோரப்படுகிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் சேரும் வாயை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தட்டி நீக்கும்படி சொல்லும் குறிப்பு, பொறியை மாட்டி முடித்தபின் கண்ணில் படும் பக்கத்தில் இல்லாமல், அந்த மூடியின் மேலேயே அச்சிடப்படுதலும் நன்று.

இவற்றுள் எதுவும் இயலாதென்று குழு கருதுமாயின், ஒரு சிறு சலுகையேனும் அளிக்குமாறு விண்ணப்பதாரர் வேண்டுகின்றனர். பொருத்தும் முறைக் கையேட்டின் படங்களில் பாகங்கள் யாவும் தாங்குவாரின்றி அந்தரத்தில் மிதக்கின்றன. அம்புக்குறிகள் யாவும் மேல்நோக்கியே செல்கின்றன. அடுத்த பதிப்பில் கம்பி வளையத்துக்கு நேர்கீழே ஒரு மனித முகத்தை வரைந்து, கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்றையும் சேர்க்குமாறு ஆணையிட வேண்டுகின்றனர்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
மல்லாந்தோர்
(கையொப்பமிட வலக்கை ஒழிவில்லை, இடக்கைப் பெருவிரல் ரேகை மக்கில் பதிக்கப்பட்டுள்ளது.)