வேலியும் வேலி சார்ந்த இடமும்: ஆங்கிலத்தில் முடிவெடுத்தல் பற்றிய ஒரு திணை ஆய்வு

1. ஆய்வின் பின்புலம்

ஓர் அலுவலகத்தில் ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யக் கூட்டம் போட்டார்கள். குறிப்பெடுக்கும் வேலை இக்கட்டுரையாளர் தலையில் விழுந்தது. பேச்சு முழுக்க ஆங்கிலம். ஒருவர், இதன்மேல் ஓர் இரவு தூங்கிப் பார்ப்போம் என்றார். இன்னொருவர், பந்து கணக்குப் பிரிவின் மைதானத்தில் கிடக்கிறது என்றார். மூன்றாமவர், காதால் கேட்டு வாசிப்போம் என்றார். நான்காமவர், ஜூரிகள் இன்னும் வெளியேதான் இருக்கிறார்கள் என்றார். தூக்கம், பந்தாட்டம், சங்கீதம், நீதிமன்றம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறின. தண்ணீர் ஏறவில்லை. கூட்டம் கலைந்ததும் அனைவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து குடித்தனர்.

அன்று உதித்தது இந்த ஆய்வு. இதன் கருதுகோள் ஒன்றே: முடிவெடுத்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் மரபுத்தொடர்கள் மலிந்து கிடக்கின்றன, அவற்றுள் பெரும்பாலானவை முடிவெடுக்காமல் இருப்பதற்கே உதவுகின்றன.

2. வேர்ச்சொல் ஆராய்ச்சி

'டிசைட்' என்ற வினை லத்தீனிலிருந்து வந்தது. அதற்குள் ஒளிந்திருப்பது வெட்டுதல் என்னும் பொருளுடைய வேர். தோட்டத்துக்கு அடிக்கும் 'பெஸ்டிசைட்' அதன் பங்காளி. கொலையைக் குறிக்கும் 'ஹோமிசைட்' இன்னொரு பங்காளி. முடிவெடுப்பவர் பல வழிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிப்போடுகிறார் என்பது கருத்து.

தமிழும் தன் போக்கில் இதே இடத்துக்கு வந்து நிற்கிறது. 'துணிதல்' என்றால் வெட்டுப்படுதல். ஒன்றைச் செய்வதென்று உறுதிகொள்வதும் துணிதலே. உடுத்தும் துணியும் வெட்டிய துண்டுதான். ரோமாபுரிக்காரரும் தமிழரும் கலந்து பேசாமலேயே ஒத்துக்கொண்ட செய்தி இது: வெட்டாமல் முடிவில்லை.

வெட்டப் பயந்தவன் கையில் கத்தியைக் கொடுத்தால், முதலில் சாணை பிடிக்க வேண்டும் என்பான். ஆங்கில மரபுத்தொடர்கள் அந்தச் சாணைக்கல்.

3. திணைப் பாகுபாடு

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வகுத்தார். அவர் வழியே நாமும் ஏழாக வகுப்போம். அன்புடைய நடுத்திணை ஐந்து: வேலி, மெத்தை, காசு, கொம்பு, லாயம். இவற்றோடு கைக்கிளையும் பெருந்திணையும் சேரும்.

3.1 வேலித் திணை

நிலம்: இரண்டு தோட்டங்களுக்கு நடுவே உள்ள மரவேலி. பொழுது: தேர்தலுக்கு முந்தைய மாலை. உரிப்பொருள்: அமர்தலும் அமர்தல் நிமித்தமும்.

எப்பக்கமும் சாராதவரை ஆங்கிலம் வேலிமேல் அமர்ந்தவர் என்கிறது. அவரை நம் மதில்மேல் பூனையோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீடு பிழை. மதில்மேல் பூனை எந்தப் பக்கமாவது குதித்தே தீரும். எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது. வேலிமேல் ஆங்கிலேயருக்குக் குதிக்கும் உத்தேசமே இல்லை. 'பூனை எந்தப் பக்கம் குதிக்கிறது என்று பார்ப்போம்' என்றும் அவர்களிடம் ஒரு தொடர் உண்டு. அதாவது நாம் பூனையாக இருக்கிறோம். அவர்கள் பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

1884இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியினர் சிலர் தம் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் பிளேனைக் கைவிட்டு, எதிர்க்கட்சியின் குரோவர் கிளீவ்லாந்தை ஆதரித்தனர். அவர்களுக்கு 'மக்வம்ப்' என்று பெயர் விழுந்தது. அமெரிக்கப் பூர்வகுடி மொழியொன்றில் தலைவன் என்று பொருள்படும் சொல் அது. 'மக்' என்றால் முகம், 'வம்ப்' என்றால் பின்பக்கம்; முகம் வேலிக்கு ஒருபுறம், மற்றது மறுபுறம் என்று பிற்பாடு கேலிக்காரர்கள் பிரித்துப் பொருள் சொன்னார்கள். துணிந்து குதித்தவர்களுக்கே வேலிமேல் அமர்ந்தவர் என்ற பட்டம் கிடைத்ததைக் கண்டபின் வேறு யார் குதிப்பார்?

3.2 மெத்தைத் திணை

உரிப்பொருள்: தூங்கலும் தூங்கல் நிமித்தமும். தூங்கி எழுந்தால் தெளிவு பிறக்கும் என்பது இத்திணையின் நம்பிக்கை. பழங்காலப் பாரசீகர்கள் முக்கியமான காரியங்களைக் குடிபோதையில் விவாதித்து, மறுநாள் போதை தெளிந்தபின் மறுபடி பரிசீலித்ததாக ஹெரடோட்டஸ் எழுதுகிறார். தெளிவாக இருக்கும்போது விவாதித்திருந்தால், குடித்துவிட்டு மறுபரிசீலனை செய்வார்களாம். இரண்டு நிலையிலும் சரியென்று பட்டதே முடிவு. நம் அலுவலகத்தார் இதில் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

3.3 காசுத் திணை

உரிப்பொருள்: சுண்டலும் சுண்டல் நிமித்தமும். (இது தின்னும் சுண்டல் அன்று.) நாம் 'பூவா தலையா' என்கிறோம், ஆங்கிலேயர் 'தலையா வாலா' என்கின்றனர், ரோமானியர் 'தலையா கப்பலா' என்றனர். தலை எல்லா நாட்டிலும் உண்டு. அதைப் பயன்படுத்த மனமில்லாதபோதுதான் காசைத் தேடுகிறோம்.

எனினும் ஏழு திணைகளிலும் வேகமாக முடிவு தருவது இதுவே. 1845இல் ஓரிகன் பகுதியில் புதிதாக எழுந்த ஊருக்கு என்ன பெயர் வைப்பது என்று இருவர் மோதிக்கொண்டனர். ஏசா லவ்ஜாய்க்குப் பாஸ்டன் என்ற பெயர் வேண்டும். ஃபிரான்சிஸ் பெட்டிகுரோவுக்கு மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தின் பெயர் வேண்டும். 1835ஆம் ஆண்டுச் செப்புக்காசு ஒன்றை மூன்று முறை சுண்டினார்கள். பெட்டிகுரோவ் இரண்டு முறை வென்றார். ஊர் போர்ட்லாந்து ஆயிற்று. அந்தக் காசை ஓரிகன் வரலாற்றுச் சங்கம் இன்றும் பாதுகாக்கிறது.

1903 டிசம்பர் 14 அன்று முதலில் பறப்பது யார் என்று ரைட் சகோதரர்களும் காசு சுண்டினர். வென்றவர் வில்பர். ஏறினார், எழும்பிய விமானம் உடனே கீழே விழுந்து சேதப்பட்டது. பழுது பார்த்து, 17ஆம் தேதி ஆர்வில் முறை வந்தது. 12 விநாடிகளில் 120 அடி பறந்தார். காசில் தோற்றவர் வரலாற்றில் வென்றார்.

3.4 கொம்புத் திணை

உரிப்பொருள்: குத்துப்படலும் குத்துப்படல் நிமித்தமும். 'டிலெமா' என்பது கிரேக்கச் சொல். அதற்குள் இரண்டு என்னும் எண் இருக்கிறது. அந்த இரண்டையும் ஆங்கிலம் மாட்டின் இரு கொம்புகளாகப் பார்க்கிறது. எதைப் பிடித்தாலும் மற்றது குத்தும். இருதலைக் கொள்ளியில் அகப்பட்ட எறும்புக்கு இவ்வுலகில் உறவினர் உண்டென்றால் அவர்கள் இத்திணை மக்களே.

ஏழாம் ஹென்றியின் அமைச்சர் ஜான் மார்ட்டன் வரி கறந்த விதமும் இத்திணையில் அடங்கும். ஆடம்பரமாக வாழ்பவரிடம், 'உம்மிடம் பணம் இருக்கிறது, கொடும்' என்றாராம். சிக்கனமாக வாழ்பவரிடம், 'மிச்சம் பிடித்திருப்பீர், கொடும்' என்றாராம். இதற்கு 'மார்ட்டனின் கவை' என்று பெயர்.

ஜோசஃப் ஹெல்லர் 1961இல் 'கேட்ச் 22' நாவலில் கொம்பை வட்டமாகவே வளைத்துவிட்டார். பைத்தியம் பிடித்த விமானிக்குப் போர்ப் பறத்தலிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவரே கேட்க வேண்டும். கேட்டால், உயிருக்குப் பயப்படும் அளவு புத்தி தெளிவாக இருக்கிறது என்று பொருள், பறக்க வேண்டும். நாவலின் எண் முதலில் 18. அதே காலத்தில் லியான் யூரிஸின் நாவல் தலைப்பிலும் 18 வந்ததால் 22 ஆக மாறியது. முடிவெடுக்க முடியாத நிலைக்கு உலகம் வழங்கும் எண்ணைக்கூட ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

3.5 லாயத் திணை

உரிப்பொருள்: கிடைத்ததைக் கொள்ளல். இத்திணைக்குத் தலைவன் ஒருவனே: 1631இல் இறந்த கேம்பிரிட்ஜ் வண்டிக்காரர் தாமஸ் ஹாப்ஸன். லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே சரக்கும் கடிதமும் ஏற்றிச் சென்றவர். வாடகைக்குக் குதிரைகளும் வைத்திருந்தார். மாணவர்கள் வந்தால் வேகமான குதிரையையே கேட்பார்கள். அது ஓய்வின்றி ஓடி நொந்துபோகும். எனவே அவர் ஒரு விதி வைத்தார்: கதவருகில் எந்தக் குதிரை முறைப்படி நிற்கிறதோ அதுதான். பிடித்தால் ஏறு, இல்லையேல் நட. 'ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்' என்ற தொடர் இப்படிப் பிறந்தது. தேர்வு என்று பெயர், தேர்வதற்கு ஒன்றுமில்லை. அவர் இறந்ததும் மில்டன் இரண்டு கவிதைகள் எழுதினார். குதிரை வாடகைக்கு விட்டவர்களில் இப்பேறு பெற்றவர் அரிது.

3.6 கைக்கிளை

கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். 1838இல் சார்லஸ் டார்வின் ஒரு தாளில் 'மணம் செய்', 'செய்யாதே' என்று இரு பத்தி போட்டு நன்மை தீமைகளை எழுதினார். மனைவி வந்தால் புத்தகம் வாங்கப் பணம் குறையும் என்பது ஒரு பக்கம். என்ன இருந்தாலும் நாயைவிட நல்ல துணை என்பது மறுபக்கம். இந்த இரட்டைப் பத்தி முறையை 1772இலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் நண்பர் ஜோசஃப் பிரீஸ்ட்லிக்குக் கடிதத்தில் விளக்கியிருந்தார். டார்வின் தாளில் மணப்பெண்ணின் கருத்துக்குப் பத்தி இல்லை. கைக்கிளை என்று சொல்ல வேறென்ன சான்று வேண்டும்? 1839 ஜனவரியில் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். பத்துக் குழந்தைகள் பிறந்தன.

3.7 பெருந்திணை

பெருந்திணை என்பது பொருந்தாமை. ஒரு விஷயத்தை 'மேசைமேல் வைப்போம்' என்றால் பிரிட்டனில் இப்போதே விவாதிப்போம் என்று பொருள். அமெரிக்காவில் கிடப்பில் போடுவோம் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டுப் படை அதிகாரிகளும் நெடுநேரம் காரசாரமாக மோதிக்கொண்டதைச் சர்ச்சில் பதிவுசெய்துள்ளார். கடைசியில்தான் தெரிந்தது, இருவரும் கேட்டது ஒன்றையே.

4. ஆய்வு முடிவு

ஏழு திணைகளையும் ஒருங்கே நோக்கினால் ஒன்று விளங்கும். வேலியில் அமர்ந்தவர் பெயர் பெற்றார். மெத்தையில் படுத்தவர் தூக்கம் பெற்றார். மேசையில் மோதியவர் தலைவலி பெற்றார். ஊரும் விமானமும் குடும்பமும் பெற்றவர்கள், காசோ காகிதமோ ஏதாவது ஒன்றைக் கொண்டு கடைசியில் வெட்டியவர்கள். எதைக்கொண்டு வெட்டினார்கள் என்பது இரண்டாம்பட்சம்.

கடைசியாக ஒரு தரவு. 1610 முதல் 1614 வரை கேம்பிரிட்ஜுக்கு வெளியே உள்ள ஊற்றுகளிலிருந்து ஊருக்குள் நல்ல நீர் கொண்டுவர வாய்க்கால் வெட்டினார்கள். பொருளுதவி செய்தவர்களில் ஹாப்ஸனும் ஒருவர். வாய்க்காலுக்கு அவர் பெயரே நிலைத்தது. டிரம்பிங்டன் தெருவின் இரு ஓரங்களிலும் அதன் கால்களை இன்றும் காணலாம். யாருக்கும் தேர்வே கொடுக்காதவர் பெயரில் நானூறு ஆண்டுகளாக ஓர் ஊரில் தண்ணீர் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் இன்னும் பாட்டில்தான்.