ஸ்கிரிப்ட் இல்லாமல் படம் ஓடாது

கே: 'ஜாவாஸ்கிரிப்டை இயக்கவும்' என்று சொல்லிவிட்டு ஒரு தளம் திறக்கவே மறுக்கிறது. புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா?

ப: பர்ஸை உள்ளே வையுங்கள். க்ரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று வரிசையாக உள்ளே போங்கள். தளங்கள் அதைப் பயன்படுத்தலாம் என்ற வரியைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். செலவு, சில கிளிக்குகள்.

கே: ஆன் ஆகித்தான் இருக்கிறது. ஆனாலும் அதே பல்லவி!

ப: அதே செட்டிங்ஸ் பக்கத்தின் கீழே தடை செய்த தளங்களின் பட்டியல் இருக்கும். என்றைக்கோ கோபத்தில் நீங்களே சேர்த்திருக்கலாம். அங்கே இல்லையென்றால், விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

கே: ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் ஜாவாஸ்கிரிப்ட் ஸ்விட்சைத் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது.

ப: இல்லாததைத் தேடினால் பூக்கத்தான் செய்யும். தெரியாமல் அணைத்துவிட்டுத் தளங்கள் கெட்டுப்போனதாகப் பலர் தவித்ததால், 2013-இல் 23-ஆம் பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டி, எச்சரிக்கையை ஏற்று, 'ஜாவாஸ்கிரிப்ட்.எனேபிள்ட்' என்பதைத் தேடுங்கள். 'ஃபால்ஸ்' என்றிருந்தால் இருமுறை கிளிக் செய்து 'ட்ரூ' ஆக்குங்கள். பக்கத்து வரிகளில் கை வைக்காதீர்கள்.

கே: ஜாவாவை இன்ஸ்டால் செய்தேன். பலனில்லையே?

ப: இருக்காது. அது வேறு, இது வேறு. ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அன்றைக்கு ஜாவாவுக்கு இருந்த மவுசைப் பார்த்துப் பெயரை மட்டும் ஒட்டவைத்தார்கள்.

கே: ஜாவாஸ்கிரிப்டை அணைத்தே வைத்திருந்தால் பாதுகாப்புத்தானே?

ப: பாதுகாப்புத்தான். டோர் பிரவுசரின் உச்சப் பாதுகாப்பு நிலையில் அது அணைந்தேதான் இருக்கும். ஆனால் அணைத்தால் பல தளங்களில் மேப் நகராது, வீடியோ ஓடாது, படிவத்தை நிரப்பிப் பட்டனை அழுத்தினால் அதுவும் சும்மா இருக்கும். பொதுவாக ஆன் செய்துவிட்டு, சந்தேகப்படும் தளத்தை மட்டும் தடைப் பட்டியலில் சேருங்கள்.

கே: எஃப்12 அழுத்தி, திறக்கும் கன்சோலில் யாரோ அனுப்பிய ஜாவாஸ்கிரிப்ட் கோட் ஒன்றை ஒட்டினால் இலவசக் கூப்பன் கிடைக்குமாமே?

ப: கிடைக்கும், அதை அனுப்பியவருக்கு. அங்கே ஒட்டும் கோட் நீங்கள் லாக்-இன் செய்த கணக்கில் உங்கள் உரிமையோடு ஓடும். வாசலில் எத்தனை பூட்டு போட்டாலும் சாவியை நீங்களே நீட்டினால் பிரவுசர் என்ன செய்யும்?