வல்லாரையும் எலியும்

கேள்வி: மூளை அழற்சியால் வரும் மறதியை வல்லாரைச் சாறு போக்கும் என்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்களாமே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எலிகளிடம் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, வாஸ்தவம்தான். பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த எல்.பி.எஸ். என்ற நச்சை எலிக்கு ஊசி போடுவார்கள். மூளையின் கூர்க்காக்களான மைக்ரோக்ளியா செல்கள், திருடன் புகுந்துவிட்டான் என்று விசிலடித்து, வீட்டுச் சாமான்களையே அடித்து நொறுக்கும். அப்புறம் எலியைத் தொட்டித் தண்ணீரில் விடுவார்கள். நேற்று ஏறி நின்ற, தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடை இன்று அதற்கு நினைவிருக்காது. சுற்றிச் சுற்றி நீந்தும். மூலிகைச் சாறு குடித்த எலி சட்டென்று ஏறிக்கொள்ளும். சபாஷ்! ஆனால், நம் வீட்டுத் தாத்தா தேடுவது மேடையை அல்ல, நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை.

மறதிக்காக மனிதர்களிடம் பெரிதாகச் சோதிக்கப்பட்ட மூலிகை, வல்லாரை அல்ல, ஜிங்கோ. அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேரில் பாதிப்பேருக்கு ஜிங்கோ, தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம். மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. சுமார் 6 வருடம் கழித்து, 2008இல் முடிவு வந்தது: டிமென்ஷியா என்ற மறதிநோயை ஜிங்கோ தடுக்கவில்லை.

வல்லாரைத் துவையலை நல்லெண்ணெய் விட்டுத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசிக்காக. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மூலிகை கேப்சூல் பக்கம் போகாதீர்கள். மறதி தொந்தரவாகிவிட்டதென்றால், முதலில் தைராய்டையும் பி12ஐயும் பரிசோதித்துவிடுங்கள்.