கம்ப்யூட்டரில் ஒரு நிழற்குடை

கேள்வி: என் மகள் பிளஸ் டூ. ஆர்க்கிடெக்ட் ஆகப்போகிறேன் என்று ராப்பகலாக கம்ப்யூட்டரில் ஒரு பஸ் நிழற்குடையைக் கட்டுகிறாள், இடிக்கிறாள். இது படிப்பா, விளையாட்டா?
– வாசகர் ஒருவர், ஆம்பூர்

பதில்: படிப்புதான். செங்கல் செலவில்லாமல் இடித்துக் கட்ட வேறு எங்கே முடியும்? ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளில் ஊர், தேதி, நேரம் கொடுத்தால் நிழல் எங்கே விழும் என்று காட்டும். ஆம்பூர், மே மாதம், மாலை 4 மணி என்று போடச் சொல்லுங்கள். மேற்கே திறந்திருந்தால், வெயில் கூரைக்கு அடியில் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்; பயணி எங்கே உட்காருவார்? அங்கே துளைகள் கொண்ட ஒரு ஜாலிச் சுவர் வைக்கத் தோன்றினால் உங்கள் மகள் டிசைன் கற்கத் தொடங்கிவிட்டாள்.

ஒன்றில் மட்டும் கவனம். கம்ப்யூட்டருக்குள் புவியீர்ப்பு கிடையாது. தூணை அழித்தாலும் கூரை அந்தரத்தில் நிற்கும்! அதனால் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போங்கள். 16-ஆம் நூற்றாண்டு விஜயநகர வேலை. யாளிகளை ரசித்த பிறகு, தூணுக்குத் தூண் இடைவெளியைக் காலடியால் அளக்கட்டும். கல் உத்தரம் தாங்கும் நீளம்தான் அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதையே மாடலாகக் கட்டட்டும்.

பி.ஆர்க். ஐந்து வருஷப் படிப்பு. நாட்டா நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயாராகச் சொல்லுங்கள்.